ஒரே குட்டையில் இரண்டு இனத் தலைப்பிரட்டைகள்: போட்டியை அளந்து பார்க்கும் முறை

மழை பெய்து ஒரு வாரம் கழித்துச் சாலையோரக் குட்டையைக் குனிந்து பார்த்தால், இரண்டு மூன்று இனத் தலைப்பிரட்டைகள் கலந்து மேய்வதைக் காணலாம். அவை பெரும்பாலும் ஒன்றையொன்று கடிப்பதுமில்லை, துரத்துவதுமில்லை. ஆகவே அங்கே போட்டி இல்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். இத்தனை வாய்களுக்கு அந்தக் கொஞ்ச நீரில் தீனி எங்கே இருக்கிறது என்று இன்னொருவர் கேட்கக்கூடும். குட்டையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் இருவருக்கும் விடை கிடைக்காது. ஓர் இனம் உடனிருப்பதால் மற்றொன்றின் வளர்ச்சியும் பிழைப்பும் எவ்வளவு குறைகின்றன என்பதே போட்டியின் அளவு. அந்த இனம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தால்தான் அந்த அளவு தெரியவரும். அதற்குத் தொட்டிகள் வேண்டும். கல்லூரி விலங்கியல் மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரு பருவமழைக் காலத்திலேயே செய்து முடிக்கக்கூடிய அத்தகைய சோதனையின் செய்முறை கீழே தரப்படுகிறது.

தொடங்குமுன் ஒரு கடமை உண்டு. இந்தியாவில் காட்டுயிர்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. முட்டையையோ தலைப்பிரட்டையையோ எடுப்பதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, எடுக்கப்போகும் இனம், இடம், எண்ணிக்கை, திரும்ப விடும் முறை ஆகியவற்றைத் தெரிவித்து அனுமதி பெறுங்கள். கல்லூரியில் விலங்குச் சோதனைக்கான நெறிக்குழு இருந்தால் அதன் ஒப்புதலும் தேவை. அனுமதி வருவதற்கு நாளாகும் என்பதால், வடகிழக்குப் பருவமழையை நம்பித் திட்டமிடுபவர்கள் கோடையிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

எந்த இரண்டு இனங்கள்

தலைப்பிரட்டையைப் பார்த்து இனம் சொல்வது பழகியவர்களுக்கே கடினம். முட்டையைப் பார்த்துச் சொல்வது எளிது. ஆகவே முட்டையிலேயே ஐயமறத் தெரியும் இரண்டு இனங்களைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு நான் பரிந்துரைப்பவை இவை. ஒன்று, உடலெங்கும் கரும்பருக்கள் கொண்ட, நம் வாசல்களில் மாலையில் தத்தித் திரியும் ஆசியத் தேரை. இது ஆழமற்ற தேங்குநீரில் நீண்ட வழவழப்பான சரங்களாக முட்டையிடும். தெளிந்த சரத்துக்குள் கறுப்பு முட்டைகள் மணிகோத்ததுபோல் தெரியும். மற்றொன்று, கிணற்றுச் சுவரிலும் குளியலறை மூலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளை. இது நீருக்கு மேலே, தொட்டிச் சுவரிலோ சாய்ந்த செடியிலோ, வெள்ளை நுரைக்கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். பொரித்த தலைப்பிரட்டைகள் சில நாள்களில் கூட்டிலிருந்து வழுகி நீரில் விழும். தேரையின் தலைப்பிரட்டை கறுப்பாகவும் சிறியதாகவும் இருக்கும். மரத்தவளையின் தலைப்பிரட்டை அதைவிடப் பெரிதாக வளரும். எனவே ஒரே தொட்டியில் கலந்து விட்டாலும் பிரித்தெண்ணுவதில் குழப்பம் வராது.

இரண்டு எச்சரிக்கைகள். முதல் மழைக்கே குரலெழுப்பிக் கூடும் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகள் ஊனுண்ணிகள். வலிய அலகால் பிற தலைப்பிரட்டைகளையும் தம் இனத்தையுமே தின்னும். அவை ஒன்றிரண்டு கலந்துவிட்டாலும் நீங்கள் அளப்பது போட்டியாக இராது, வேட்டையாக இருக்கும். குறுவாய்த் தவளைகளின் கண்ணாடி போன்ற தலைப்பிரட்டைகளையும் இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். அவற்றுக்குச் சுரண்டித் தின்னும் கொம்புப் பற்கள் கிடையாது. நடுநீரில் மிதந்தபடி நீரை வடிகட்டி நுண்பாசிகளை உண்ணும். அடியிலும் சுவரிலும் சுரண்டித் தின்னும் தேரைப் பிரட்டைகளோடு அவை ஒரே உணவுக்குப் போட்டியிடுவது குறைவு. ஆனால் இரண்டாம் ஆண்டில், உணவுப் பங்கீடு எவ்வாறு சேர்ந்து வாழ வழிசெய்கிறது என்று பார்க்க விரும்பினால் அதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது.

முதலில் குட்டையில் எண்ணுங்கள்

தொட்டியில் எத்தனை விடுவது என்பதை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. குட்டையில் காணாத நெரிசலைத் தொட்டியில் உண்டாக்கினால் போட்டி இருப்பதாகத்தான் எந்தச் சோதனையும் சொல்லும். அந்த முடிவால் யாருக்கும் பயனில்லை.

எண்ணுவதற்கு அடிப்பகுதி வெட்டியெடுக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். சத்தமின்றி நடந்து, நிழல் முன்னே விழாதபடி நின்று, வாளியைச் சட்டென்று நீருக்குள் இறக்கிச் சேற்றில் அழுத்துங்கள். வாளிக்குள் அகப்பட்டவற்றைச் சிறு வலையால் அள்ளி, தொடர்ந்து பத்து முறை வெறும் வலை வரும்வரை எண்ணுங்கள். கரையோரம், நடு, செடியடி என்று குட்டையின் எல்லாப் பகுதிகளிலும் இவ்வாறு செய்ய வேண்டும். தேரைப் பிரட்டைகள் வெயில்படும் ஓரங்களில் கூட்டமாகத் திரளும் பழக்கமுடையவை என்பதால், கூட்டத்தைப் பார்த்து அங்கேயே வாளியை வைத்தால் கணக்கு வீங்கிவிடும்.

வாளியின் விட்டம் 30 செ.மீ. என்றால் அது மூடும் பரப்பு சுமார் 0.07 சதுர மீட்டர். சராசரியாக ஒரு வாளிக்கு 7 கிடைத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100. அடிவிட்டம் 50 செ.மீ. உள்ள தொட்டியின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். ஆகவே குட்டையின் அடர்த்தியை அதில் கொண்டுவர 20 தலைப்பிரட்டைகள் வேண்டும். இந்த 20-ஐயே கீழே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். உங்கள் குட்டை வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஐந்து வகைத் தொட்டிகள்

பலரும் செய்வது: தேரை மட்டும் 20 உள்ள ஒரு தொட்டி, தேரை 20-ம் மரத்தவளை 20-ம் சேர்ந்த இன்னொரு தொட்டி. இரண்டாவதில் தேரைகள் சிறுத்துப்போனால் மரத்தவளைதான் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. இரண்டாவது தொட்டியில் இனம் மட்டும் கூடவில்லை, தலைகளும் இரட்டித்துள்ளன. கூடுதலாக வந்த 20-ம் தேரைகளாகவே இருந்திருந்தாலும் அதே சிறுத்தல் நேர்ந்திருக்கலாம். நெரிசலையும் இனத்தையும் பிரித்தறிய ஐந்து வகைத் தொட்டிகள் வேண்டும்: தேரை மட்டும் 20, தேரை மட்டும் 40, மரத்தவளை மட்டும் 20, மரத்தவளை மட்டும் 40, தேரை 20-ம் மரத்தவளை 20-ம் கலந்தது. தொட்டியின் மேல் அழியா மையால் முறையே தே20, தே40, ம20, ம40, கலப்பு என்று எழுதிவையுங்கள்.

ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது நான்கு தொட்டிகள் தேவை. ஆக 20 தொட்டிகள். ஒவ்வோர் இனத்திலும் 320 தலைப்பிரட்டைகள் செலவாகும். இது பெரிய எண்ணாகத் தோன்றினால் இனத்துக்கு 10, 20 என்று பாதியாக்கிச் சிறிய தொட்டிகளில் செய்யலாம். ஆனால் வகைக்கு நான்கு என்பதைக் குறைக்க வேண்டாம். ஒரு தொட்டிக்குள் இருக்கும் 20 தலைப்பிரட்டைகளும் ஒரே நீரையும் ஒரே வெப்பத்தையும் ஒரே விபத்துகளையும் பகிர்கின்றன. ஆகவே புள்ளியியல் கணக்கில் அவை 20 சான்றுகள் ஆகா. அந்தத் தொட்டி ஒரு சான்று, அவ்வளவுதான். 80 உயிர்களை அளந்துவிட்டு 80 என்று கணக்கில் போடும் வழக்கம் ஆய்வேடுகளில் இன்னும் இருக்கிறது. உண்மையில் அது நான்குதான்.

தொட்டி, நீர், இலை

நீல நிற 200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே அறுத்தால் இரண்டு நல்ல தொட்டிகள் கிடைக்கும். முன்பு ரசாயனம் வைத்திருந்த டிரம் கூடவே கூடாது. பெரிய பிளாஸ்டிக் அன்னக்கூடைகளும் போதும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவாக இருக்கட்டும், ஏனெனில் கறுப்புத் தொட்டி வெயிலில் மற்றவற்றைவிட விரைவில் சூடாகும். விளிம்புக்குக் கீழே நான்கு விரல் அளவில் துளையிட்டு, நைலான் வலை ஒட்டிவிட்டால் மழையில் நிரம்பி வழியும்போது தலைப்பிரட்டைகள் வெளியேறா.

மழைநீர் அல்லது கிணற்று நீரை நிரப்புங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும் என்பதால் திறந்த கலனில் இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். எல்லாத் தொட்டிகளிலும் ஒரே எடையில் காய்ந்த இலைச்சருகு போடுங்கள். குட்டைக் கரையிலேயே பொறுக்கிய சருகு சிறந்தது. வேப்பிலையும் தைல மர இலையும் வேண்டாம். பிறகு குட்டை நீரைக் கொசுவலைத் துணியால் வடிகட்டி, ஒரே வாளியில் நன்றாகக் கலக்கி, தொட்டிக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றுங்கள். இதுதான் பாசியும் நுண்ணுயிரும் முளைப்பதற்கான வித்து. வடிகட்டாமல் ஊற்றினால் தட்டாம்பூச்சியின் நீர்வாழ் இளம்பருவமும் நீர்த்தேளும் கூடவே வந்துவிடும். அவை ஒன்றிரண்டு போதும், ஒரு தொட்டியின் முடிவையே மாற்றிவிட. இந்த நிலையில் தொட்டியை ஒன்றிரண்டு வாரம் விட்டுவைத்தால் சுவரில் பச்சையாக மெல்லிய பாசி படியும். முட்டை கிடைத்த பிறகு தொட்டி வாங்க ஓடினால் இந்த வாரங்கள் கையை விட்டுப் போய்விடும். செப்டம்பர் இறுதிக்குள் தொட்டிகள் நிறைந்திருக்க வேண்டும்.

கொசுவலையை இறுக்கிக் கட்டி மூடுங்கள். மூடாத தொட்டியின் உள்சுவரில் மரத்தவளையே ஓரிரவில் வந்து நுரைக்கூடு கட்டிவிடும். மேலே நிழல்வலை வேண்டும், ஏனெனில் வெயிலில் ஐம்பது லிட்டர் நீர் குட்டையைவிட வேகமாகச் சூடேறும். என்னதான் செய்தாலும் மதில் ஓரத்துத் தொட்டிக்கும் திறந்தவெளித் தொட்டிக்கும் வெயில் ஒன்றாக விழாது. அதனால் தொட்டிகளை நான்கு வரிசைகளாக, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து வகைகளும் ஒவ்வொன்று இருக்குமாறு வையுங்கள். வரிசைக்குள் எது எங்கே என்பதைத் திருவுளச்சீட்டு எழுதிக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கைக்கு வந்தபடி வைப்பது நடுநிலை ஆகாது. நம் கை தன்னையறியாமல் நெரிசல் தொட்டியை நிழலில் வைக்கும்.

முட்டை எடுத்து விடுவது

ஒரே தாயின் முட்டைகளைக் கொண்டு சோதனை செய்தால் நீங்கள் அளப்பது அந்தக் குடும்பத்தை மட்டுமே. குறைந்தது நான்கு தேரைச் சரங்களிலிருந்து ஒவ்வொரு துண்டும், நான்கு நுரைக்கூடுகளிலிருந்து ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு முட்டையும் எடுத்துத் தனித்தனியே பொரிக்க வைத்து, பின்னர் கலந்துவிடுங்கள். ஒரு சரத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும் என்பதால் துண்டு எடுப்பதால் குட்டைக்கு இழப்பு சிறிதே. நுரைக்கூட்டைக் காயவிடாமல், ஈரத்துணியால் மூடி, நீருள்ள கிண்ணத்தின் மேல் தொங்கவிட வேண்டும்.

பொரித்தவுடன் விடக் கூடாது. முதல் சில நாள்கள் அவை உடலிலுள்ள கருவுணவைக் கொண்டே வாழும், வெளிச்செவுள்களும் தெரியும். அச்செவுள்கள் மறைந்து, வாய் திறந்து மேயத் தொடங்கும் பருவமே தொடக்கம். கென்னத் கோஸ்னர் 1960-இல் வகுத்த 46 பருவங்களில் இது 25-ஆவது. உலகெங்கும் இந்தத் துறையில் பெரும்பாலோர் அந்த எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். விடும் நாளில் இரண்டு இனங்களும் இந்தப் பருவத்தில் இருக்கும்படி முட்டை எடுக்கும் நாள்களை ஒத்திசைக்க வேண்டும். சில நாள் முந்தி மேயத் தொடங்கிய இனம் பெரிதாகிவிட்டிருக்கும், அதன் பிறகு நீங்கள் அளப்பது இனத்தின் வலிமையையா முந்திய நாள்களின் வலிமையையா என்று சொல்ல முடியாது.

கொசு விரட்டி பூசிய கையை நீரில் விடாதீர்கள். தலைப்பிரட்டையைக் கையால் எடுக்கவே தேவையில்லை. அகன்ற தேநீர்க் கரண்டியோ வாயை அகலமாக வெட்டிய உறிஞ்சுகுழலோ போதும்.

தீனி: தலைக்கு அல்ல, தொட்டிக்கு

இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இரக்கப்பட்டு, 40 உள்ள தொட்டிக்கு இரட்டிப்பாகத் தீனி போட்டால் போட்டியையே நீக்கிவிட்டீர்கள். வளம் குறைவாக இருப்பதுதான் கேள்வியின் உயிர். தொட்டியில் தானாக வளரும் பாசியும் சருகு மக்கலும் மட்டுமே போதும் என்று விடுவது ஒரு வழி. வேகவைத்து மசித்த கீரையை, எல்லாத் தொட்டிக்கும் ஒரே எடையில், மூன்று நாளுக்கு ஒரு முறை இடுவது இன்னொரு வழி. எதைத் தேர்ந்தாலும் கடைசிவரை மாற்றக் கூடாது. முந்தைய கீரை மிச்சமிருந்து நீர் நாற்றமெடுத்தால் அளவு அதிகம் என்று பொருள். எல்லாத் தொட்டியிலும் ஒரே நாளில் பாதியாக்குங்கள்.

கூடுதலாக எட்டுத் தொட்டி வைக்க இடமிருந்தால், தே20-ஐயும் கலப்பையும் இரட்டைத் தீனியோடு இன்னொரு முறை வையுங்கள். போட்டி இரண்டு வழிகளில் நடக்கும். ஒன்று, நான் தின்றதால் உனக்கு இல்லாமற்போவது. மற்றொன்று, தீனி இருந்தும் உன்னைத் தின்னவிடாமலோ வளரவிடாமலோ செய்வது. தீனியை இரட்டித்ததும் கலப்பில் தேரைக்கு இருந்த பின்னடைவு மறைந்தால் முதல் வழி. மறையாமல் நின்றால் இரண்டாவது. இரண்டாவது வழிக்குப் பிரிட்டனில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. அங்கே மணற்குன்றுக் குட்டைகளில் வாழும் நேட்டர்ஜேக் தேரையின் தலைப்பிரட்டைகள், பொதுத் தவளையின் தலைப்பிரட்டைகளோடு அடைபட்டால் குன்றிப்போகின்றன. தவளைப் பிரட்டைகளின் கழிவில் வளரும் நிறமற்ற ஒற்றைச் செல் உயிரி ஒன்றைத் தேரைப் பிரட்டைகள் கழிவோடு தின்பதும் அதற்கு ஒரு காரணம் என்று ட்ரெவர் பீபீயும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். ஆனால் இத்தகைய வளர்ச்சித் தடை ஆய்வகக் கிண்ணங்களில் தெரியும் அளவுக்கு இயற்கைக் குட்டைகளில் தென்படுவதில்லை என்ற மறுப்பும் உண்டு. சிறிய கலனில் கழிவு குவியும், குட்டையில் கலைந்துபோகும். ஆகவே எண்ணிக்கையைப் பாதியாக்கிச் சிறிய தொட்டிகளில் செய்தாலும், அதற்கு மேல் தொட்டியைச் சிறிதாக்க வேண்டாம்.

எதை அளப்பது

இறந்தவை எத்தனை என்று மட்டும் எண்ணுபவர்கள் போட்டியின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்கள். தலைப்பிரட்டை பசியால் சாவதைவிடப் பசியால் மெதுவாக வளர்வதே மிகுதி. 1973-இல் ஹென்றி வில்பரும் ஜேம்ஸ் காலின்ஸும் முன்வைத்த விளக்கம் இன்றும் இந்தத் துறையின் அடித்தளமாக இருக்கிறது: உருமாற்றத்துக்கு ஒரு குறைந்தபட்ச உடலளவு உண்டு, அதை எட்டிய பின், நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் தலைப்பிரட்டை நீரிலேயே தங்கி இன்னும் பெருக்கலாம், வளர்ச்சி தேங்கியது கிடைத்த அளவோடு கரையேறிவிடும். ஆகவே நெரிசலின் தழும்பு இரண்டு இடங்களில் தெரியும்: கரையேற எத்தனை நாளானது, எந்த எடையில் ஏறியது. இந்தியாவிலேயே, ஒடிசாவில் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளை வெவ்வேறு அடர்த்திகளில் வளர்த்து, கூட்டம் கூடக்கூட வளர்ச்சியும் உருமாற்றமும் பாதிக்கப்படுவதை 1980-இலேயே வெளியிட்டிருக்கிறார்கள்.

முன்னங்கால்கள் தோலைக் கிழித்து வெளியே வரும் நாளை முடிவுநாளாகக் கொள்ளுங்கள். இது கோஸ்னரின் 42-ஆவது பருவம். யாரும் தவறாமல் அடையாளம் காணலாம். அந்தத் தலைப்பிரட்டையை அன்றே எடுத்து, ஒரு பக்கம் உயர்த்திவைத்த, விரலாழ நீர் உள்ள தட்டில் விடுங்கள். தொட்டியிலேயே விட்டால் மூழ்கிச் சாகும். எதற்கும் தொட்டியில் ஒரு மிதக்கும் கட்டையும் இருக்கட்டும். வால் முழுதும் உள்வாங்கப்பட்ட பின் எடை போடுங்கள். தேரைக் குஞ்சு ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும் என்பதால், சமையலறைத் தராசு உதவாது, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். ஈரத் துணியின் மேல் ஒரு கணம் வைத்து மேல்நீரை வடித்து, முன்பே எடை பார்த்த ஈரமான சிறு கிண்ணத்தில் இட்டு, கூடிய எடையைக் குறியுங்கள். முதல் குஞ்சு வரும் நாளிலிருந்து தினமும் மாலையில் தொட்டிகளைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டால் அந்த நாளின் கணக்கு திரும்பக் கிடைக்காது.

இடையில் ஒரு முறை, இரண்டாம் வாரத்தில், ஒவ்வொரு தொட்டியிலும் ஐந்தாறைக் கட்டத்தாள் ஒட்டிய வெள்ளைத் தட்டில் விட்டு மேலிருந்து கைபேசியால் படமெடுத்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அடிக்கடி கலக்குவதால் பாசி உதிரும், மேய்ச்சலும் தடைப்படும்.

எண்களைப் படிப்பது

தே20-இல் தேரைக் குஞ்சுகளின் சராசரி எடையை 100 என்று வைத்துக்கொள்வோம். தே40-இல் அது 70, கலப்பில் 85 என்று வந்தால் என்ன பொருள்? மரத்தவளை தேரைக்குக் கேடு செய்கிறது, ஏனெனில் 85 என்பது 100-ஐவிடக் குறைவு. ஆனால் அதே எண்ணிக்கையிலான தேரைகள் அதைவிட அதிகக் கேடு செய்கின்றன. தேரைக்குப் பெரிய போட்டியாளர் தேரையே. கலப்பில் 70 வந்தால் தேரையின் கண்ணில் இரண்டு இனமும் ஒன்று. 50 வந்தால் மரத்தவளை மேலோங்கிய போட்டியாளர். 100 வந்தால் அது அங்கே இல்லாததற்குச் சமம். இதே படிப்பை மரத்தவளையின் பக்கத்திலிருந்தும் செய்ய வேண்டும், ஏனெனில் போட்டி பெரும்பாலும் ஒருபக்கச் சாய்வுடையது. பெரிய உடல் கொண்ட இனம் சிறியதை அழுத்தும் அளவுக்குச் சிறியது பெரியதை அழுத்தாது. இரண்டு இனங்களிலும் தன்னினத்தின் நெரிசலே மாற்றினத்தின் நெரிசலைவிடக் கடுமையாக இருந்தால், அவை நெடுங்காலம் சேர்ந்து வாழ அடிப்படை இருக்கிறது என்று கோட்பாடு சொல்கிறது: எந்த இனம் பெருகினாலும் அது முதலில் தன்னையே தடுத்துக்கொள்கிறது.

பிழைத்தவை எத்தனை, கரையேற எத்தனை நாள், எந்த எடை என்ற மூன்று அளவுகளையும் சேர்த்தே படியுங்கள். தே40-இல் தொடக்கத்திலேயே பாதி இறந்திருந்தால், எஞ்சியவை தே20-க்கு இணையாகக் கொழுத்திருக்கும். எடையை மட்டும் பார்த்தவர் நெரிசலால் தீங்கில்லை என்று எழுதிவிடுவார். அதுபோலக் கலப்புத் தொட்டியில் பொதுவாகத் தேரை முந்திக் கரையேறும். அதன் பின் மரத்தவளைப் பிரட்டைகளுக்குத் தொட்டி பாதி காலியாகிவிடும். ம40-இல் அந்த விடுதலை கிடையாது. இது குறை அல்ல. குட்டையிலும் அப்படித்தான் நடக்கிறது, காலத்தால் விலகிக்கொள்வதும் சேர்ந்து வாழும் வழிகளில் ஒன்று.

சேர்ந்து வாழ்வதை எப்படிச் சோதிப்பது

முதலாண்டின் ஐந்து வகைகளும் போட்டியின் அளவைச் சொல்லும். தொட்டியில் ஓர் இனம் தெளிவாகத் தோற்றும், குட்டையில் அதே இனம் ஆண்டுதோறும் தழைக்கிறது என்றால், குட்டையில் இருந்து தொட்டியில் இல்லாதது என்ன என்று கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொட்டிக்குள் சேர்த்துப் பாருங்கள்.

வருகை வரிசையிலிருந்து தொடங்குவது எளிது. கலப்புத் தொட்டிகளில் சிலவற்றில் தேரையை ஒரு வாரம் முந்தியும், சிலவற்றில் மரத்தவளையை முந்தியும், சிலவற்றில் இரண்டையும் ஒரே நாளிலும் விடுங்கள். அமெரிக்காவில் ராஸ் ஆல்ஃபோர்டும் வில்பரும் 1985-இல் ஒரு தேரை இனத்தையும் ஒரு தவளை இனத்தையும் இவ்வாறு முன்பின்னாக விட்டபோது, எது முதலில் வந்தது என்பதைப் பொறுத்துப் போட்டியின் விளைவு மாறியது. நம் ஊரில் ஒவ்வோராண்டும் மழை ஒரே வரிசையில் பெய்வதில்லை. எந்த இனம் முதலில் முட்டையிடும் என்பதும் மாறும். வெற்றி ஆண்டுக்கு ஆண்டு கைமாறினால் இரண்டும் தங்கும்.

தலைப்பிரட்டைகளை வேட்டையாடித் தின்னும் விலங்கைச் சேர்ப்பது அடுத்தது. இங்கே பீட்டர் மோரின் வட கரோலினாவில் ஆயிரம் லிட்டர் மாட்டுத் தொட்டிகளில் செய்து 1983-இல் வெளியிட்ட சோதனையை அறிந்திருக்க வேண்டும். நியூட் என்னும் வாலுள்ள நீர்நிலவாழ்வி இல்லாத தொட்டிகளில், சுறுசுறுப்பாக மேய்ந்து வேகமாக வளரும் இனங்கள் ஆதிக்கம் செலுத்தின. சிறு மரத்தவளை இனம் ஒன்று ஏறக்குறைய இல்லாமற்போனது. நியூட்கள் கூடிய தொட்டிகளில் வலியவை வேட்டையில் குறைந்தன, அந்தச் சிறு இனம் பிழைத்தது. சுறுசுறுப்பாக மேயும் குணமே போட்டியில் வெல்லவும் வேட்டையில் அகப்படவும் காரணமாகிறது. உங்கள் தொட்டிகளில் தட்டாம்பூச்சியின் இளம்பருவத்தைப் பயன்படுத்தலாம். அதைத் திறந்து விடுவதோடு, சில தொட்டிகளில் வலைக்கூண்டுக்குள் அடைத்தும் வையுங்கள். கூண்டிலிருப்பது யாரையும் தின்ன முடியாது. ஆயினும் அதன் வாடை நீரில் பரவியதும் தலைப்பிரட்டைகள் அசைவைக் குறைத்துக்கொள்ளும். பயத்தால் மேயாததும் தின்னப்பட்டதால் குறைந்ததும் அப்போது பிரிந்து தெரியும்.

வற்றும் நீர் மூன்றாவது. வாரம் இருமுறை அளந்து நீரை இறைத்து, சில தொட்டிகளை நாற்பது நாளில் வற்றச் செய்யுங்கள். நெரிசலில் தோற்றாலும் விரைந்து கரையேறும் இனத்துக்கு இங்கே மேல்கை கிடைக்கலாம். முற்றிலும் வற்றும்வரை எந்த உயிரையும் தொட்டியில் விடாமல், கடைசி விரலாழ நீரில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தவை கரையேறாதவை என்ற கணக்கில் சேரும்.

இத்தனைக்கும் வசதியில்லாத பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாலைச் சோதனை உண்டு. நீண்ட தட்டின் ஒரு முனையில் இரண்டு பங்கு கீரை, மறுமுனையில் ஒரு பங்கு வைத்து, நடுவில் முப்பது தலைப்பிரட்டைகளை விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரு முனைகளிலும் எத்தனை என்று எண்ணுங்கள். கர்நாடகத்தின் தார்வாடில் வெண்கலத் தவளையின் தலைப்பிரட்டைகளைக் கொண்டு இத்தகைய சோதனை செய்து 2004-இல் வெளியிட்டவர்கள், அவை உணவின் விகிதத்துக்கு ஏற்பவே தம்மைப் பிரித்துக்கொள்வதைக் கண்டனர். சண்டையின்றி வளத்தைப் பங்கிடும் வழியை மாணவர்கள் கண்ணாலேயே காண இது போதும்.

திரும்ப விடுவது

எடை போட்ட குஞ்சுகளை, முட்டை எடுத்த அதே குட்டையின் கரையில், மாலையில் ஈரமான இலைச்சருகுக்கிடையே விடுங்கள். வேறு குட்டையில் விடக் கூடாது. தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை உலகின் பல பகுதிகளில் பரவியிருக்கும் நிலையில், ஓர் இடத்து நீரையோ உயிரையோ இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்வது ஆபத்து. ஒரு தொட்டியில் மட்டும் உயிர்கள் மொத்தமாக இறந்திருந்தால் அதில் எஞ்சியவற்றை விடாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். தொட்டி நீரைக் குட்டையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், நீர்நிலைக்குத் தொலைவில் வெறும் மண்ணில் கொட்டி உறிஞ்சவிடுங்கள். வலைகளையும் தொட்டிகளையும் காலணிகளையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்து, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே அடுத்த குட்டைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.